நொடிக்கு முப்பத்து நான்கு சென்டிமீட்டர்

மயிலாடுதுறையிலிருந்து சீர்காழி போகும் சாலையில் பாதி வழியில் கிழக்கே பிரிந்தால் வரிசையாக ஏழெட்டுச் சிற்றூர்கள் வரும். அந்த ஊர்களில் சஃபியா என்ற பெயர் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். "ட்ரோன்காரம்மா வீடு எது?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். பச்சைக் கதவு, வாசலில் ஒரு லோடு ஆட்டோ, அதன் மேல் கயிறு போட்டுக் கட்டிய மஞ்சள் நிறத் தண்ணீர்ப் பீப்பாய்.

சஃபியாவின் அத்தா மீரா உசேன் சீர்காழியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கடையில் போல்ட்டும் நட்டும் பொறுக்கி விளையாடிய பெண், கல்லூரியில் இயற்பியல் எடுத்துப் படித்ததில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆய்வகத்தில் அவளுக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. உயரமான கண்ணாடிக் குழாய் நிறைய விளக்கெண்ணெய். அதில் சின்ன எஃகுக் குண்டு ஒன்றைப் போட வேண்டும். குண்டு முதலில் வேகமெடுக்கும், பிறகு ஒரே வேகத்தில் நிதானமாக இறங்கும். ஐந்து முறை போட்டு நேரத்தைக் குறித்தால் போதும். சஃபியா இருபது முறை போடுவாள். மற்றவர்கள் கேண்டீனுக்குப் போன பிறகும் கையில் ஸ்டாப்வாட்சோடு குழாயின் முன்னே நின்றுகொண்டிருப்பாள்.

கடைசி வருடத்தில் கல்யாணம் ஆனது. கணவர் அன்சார் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். பரீட்சை எழுதி முடித்தாள், பட்டம் தபாலில் வந்தது. மகள் மர்யம் பிறந்தாள். பதின்மூன்று வருடம் வீட்டு வேலை, மாமியாருக்கு மருந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு டியூஷன் என்று போனது. மாமியார் காலமான மறு வருடம், மகளிர் குழுவில் ட்ரோன் ஓட்டும் பயிற்சிக்கு ஒரு பெண்ணை அனுப்ப வேண்டும் என்று பேச்சு வந்தபோது, யாரும் கேட்பதற்கு முன்னால் சஃபியா கையைத் தூக்கிவிட்டாள். தஞ்சாவூரில் பத்து நாள் பயிற்சி. போனில் கேட்ட அன்சார், "வெயில்ல நிப்பியா நீ?" என்று மட்டும் கேட்டார். "நிப்பேங்க" என்றாள்.

அவளுக்குக் கூட்டாளி எல்சி. ஆட்டோ ஓட்டுவது, மருந்து கலப்பது, பேட்டரி மாற்றுவது, வயல்காரர்களோடு சண்டை போடுவது எல்லாம் அவள் வேலை. சஃபியாவைவிட ஆறு வயது சின்னவள். வாய் ஓயாது. ட்ரோன் பறக்கும்போது மட்டும் பேச மாட்டாள். அது தரையில் இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

போன வருடம் ஆனி மாதம் ஒரு நாள் சவரிராஜ் என்பவரின் வயலுக்கு மருந்தடிக்கப் போனார்கள். நேரடி விதைப்புக் குறுவை, இருபத்திரண்டு நாள் பயிர். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்து. நெல்லை ஒன்றும் செய்யாது, மற்றச் செடிகள் மேல் பட்டால் விடாது. இரண்டு ஏக்கர், நாற்பது நிமிட வேலை. ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்தில் பஞ்சர் ஒட்டியதில் நேரமாகிவிட்டது. அவர்கள் ஆரம்பித்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

கிழக்குப் பக்கம் கடைசிக் கால் ஏக்கர் மிச்சம் இருந்தபோது மேல்காற்று கிளம்பியது. தென்னை மட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. சஃபியா ஒரு நிமிடம் யோசித்தாள். வரப்பில் குடையோடு நின்ற சவரிராஜ், "கொஞ்சம்தானேம்மா, முடிச்சுட்டுப் போயிருங்க" என்றார். முடித்துவிட்டுத்தான் போனாள்.

பன்னிரண்டு நாள் கழித்து எல்சி செய்தி கொண்டுவந்தாள். சவரிராஜ் வயலுக்குக் கிழக்கே வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பொன்னுத்தாயின் பருத்தி. ஒரு ஏக்கர். கணவர் போன பிறகு தனியாளாக நின்று பயிர் வைப்பவர். அந்தப் பருத்தி இலையெல்லாம் சுருண்டு கிடக்கிறதாம்.

"உரக்கடைக்காரர் வந்து பாத்தாராம்க்கா. வைரஸ்னு சொல்லிட்டாரு. வெள்ளை ஈயால வருதாம். அந்தம்மா மருந்து வாங்கிட்டுப் போயிருக்கு" என்றாள் எல்சி.

"நம்மளப் பத்தி ஏதும் சொன்னாங்களா?"

"நம்மள எதுக்கு சொல்லணும்?"

சஃபியா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். வாய்க்கால் மதகில் நின்று பார்த்தாள். வைரஸ் வந்தால் இலை கிண்ணம் மாதிரி மேலே குவியும், நரம்பு தடிக்கும். அதை அவள் வேறு வயல்களில் பார்த்திருக்கிறாள். இங்கே இலை குவியவில்லை. ஒடுங்கி, விரல் விரலாகப் பிரிந்து, நுனி நீண்டு தொங்கியது. வாய்க்கால் ஓரத்து வரிசைகளில் அதிகம். உள்ளே போகப் போகக் குறைவு. வெள்ளை ஈக்கு மேற்குப் பக்கம் மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்?

பருத்திக்குள் பொன்னுத்தாய் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "யாரு, ட்ரோன்காரப் புள்ளையா? என்னம்மா இந்தப் பக்கம்?" என்றார். சஃபியா, "சும்மாதாம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ரிமோட்டில் அன்றைய பதிவைத் திறந்தாள். பறந்த பாதை, உயரம், தெளித்த அளவு எல்லாம் அதில் இருக்கும். உயரம் மூன்று மீட்டர். வரப்போரம் நின்ற தேக்குக் கன்றுகளுக்காக அவள்தான் ஏற்றியிருந்தாள். துளியின் அளவு நூற்றிருபது மைக்ரான், மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. நூற்றிருபது என்பது முந்தின நாள் இன்னொரு வயலில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு வைத்தது. பூச்சி மருந்துக்குப் பொடித் துளி நல்லது, இலை முழுக்கப் படியும். களைக்கொல்லிக்குப் பெரிய துளி வைக்க வேண்டும். மாற்ற மறந்திருக்கிறாள்.

காற்று வேகத்தை அளக்கச் சின்ன விசிறிக் கருவி ஒன்று வைத்திருக்கிறாள். ஒவ்வொரு வேலைக்கும் ஆரம்பத்தில் ஒரு போட்டோ, முடிவில் ஒரு போட்டோ எடுத்துவைப்பது வழக்கம். அன்றைய முதல் படத்தில் நொடிக்கு 1.8 மீட்டர். கடைசிப் படத்தில் 4.1.

இவ்வளவு தெரிந்தும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அந்தத் துளி வாய்க்காலைத் தாண்டுமா? சவரிராஜ் வயல் ஓரத்திலிருந்து பருத்தியின் முதல் வரிசைக்கு இருபத்திரண்டு மீட்டர். நடந்து அளந்துவிட்டு வந்திருந்தாள். துளி தரையைத் தொட எத்தனை நொடி ஆகும் என்று தெரிந்தால், அத்தனை நொடியில் காற்று அதை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று சொல்லிவிடலாம்.

மறுநாள் மர்யம் பள்ளிக்கூடம் போனதும், சமையலறை மேடையில் நோட்டை விரித்தாள். துளியின் எடை கீழே இழுக்கிறது. காற்றின் தடை மேலே தள்ளுகிறது. வேகம் கூடக் கூடத் தடையும் கூடும். இரண்டும் சமமாகும் இடத்தில் வேகம் நிலைத்துவிடும், அதற்கு மேல் ஏறாது. முற்றுத் திசைவேகம். பதினைந்து வருடத்துக்கு முன்னால் படித்த சொல் நாக்கில் வந்தபோது தன்னை அறியாமல் சிரித்தாள்.

விளக்கெண்ணெய்ச் சோதனையின் சூத்திரம் மனப்பாடமாக இருந்தது. போட்டுப் பார்த்தாள். 0.44 வந்தது. ஆனால் அது மெதுவாக விழும் மிகச் சிறிய பொருளுக்கான சூத்திரம். காற்றில் விழும் துளிக்கு அப்படியே பொருந்தாது. தடையைக் கணக்கிட ஒரு கெழு, அதாவது ஒரு பெருக்கு எண், வேண்டும். அந்தக் கெழுவைக் கண்டுபிடிக்க ரெனால்ட்ஸ் எண் வேண்டும். ரெனால்ட்ஸ் எண்ணுக்கு வேகம் தெரிய வேண்டும். வேகத்தைத்தான் அவள் தேடிக்கொண்டிருக்கிறாள். சமன்பாட்டின் இரண்டு பக்கத்திலும் அதே வேகம் ஒளிந்துகொண்டிருந்தது. எப்படிப் புரட்டினாலும் ஒரு பக்கமாகத் தனியே வர மறுத்தது.

ஒரு வேகத்தை ஊகித்து, கெழுவைக் கண்டு, அதிலிருந்து புது வேகத்தைக் கண்டு, மறுபடி போடலாம். இரண்டு சுற்று கையால் போட்டாள். உலையில் அரிசி பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, அன்சார் போன முறை கொண்டுவந்த பழைய லேப்டாப்பைத் திறந்தாள். சமன்பாடுகளை எண்களால் தீர்க்கும் ஆக்டேவ் என்ற இலவச மென்பொருளை இறக்கினாள். ஒரு சமன்பாட்டையும் தொடக்க ஊகம் ஒன்றையும் கொடுத்தால், இரண்டு பக்கமும் சமமாகும் இடத்தை அதுவே தேடிப் பிடிக்கும். பாடக் காணொளி ஒன்றைப் பார்த்துப் பார்த்துப் பன்னிரண்டு வரி தட்டினாள். அதற்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. எட்டு முறை சிவப்பு எழுத்தில் திட்டு வாங்கினாள். ஓர் அடைப்புக்குறி, ஒரு காற்புள்ளி என்று ஏதாவது விட்டுப்போயிருக்கும்.

கடைசியில் விடை வந்தது. நொடிக்கு நூற்றெழுபத்தைந்து மீட்டர்.

அந்த நேரம் பார்த்து எல்சி உள்ளே வந்தாள். "என்னக்கா, கம்ப்யூட்டர்ல சீரியலா?"

"மருந்துத் துளி மணிக்கு அறுநூறு கிலோமீட்டர் வேகத்துல விழுதாம்."

"ஏரோப்ளேன் வேகமாச்சேக்கா! வயல்ல குழி விழுந்துருக்குமே!"

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சஃபியா நோட்டைப் பார்த்தாள். துளியின் விட்டத்தை மில்லிமீட்டரில் தட்டியிருக்கிறாள். மென்பொருளுக்கு அது தெரியாது, மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, சின்னப் பூசணிக்காய் அளவுத் துளிக்கு விடை சொல்லியிருக்கிறது. மைக்ரானை மீட்டராக மாற்றி மறுபடி ஓட்டினாள்.

0.34.

நொடிக்கு முப்பத்து நான்கு சென்டிமீட்டர். மூன்று மீட்டர் இறங்க ஏறக்குறைய ஒன்பது நொடி. நொடிக்கு நான்கு மீட்டர் காற்றில் ஒன்பது நொடி. முப்பத்தாறு மீட்டர். பெருக்கிப் பார்க்க மென்பொருள் தேவைப்படவில்லை. முந்நூறு மைக்ரான் துளி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் போட்டாள். இரண்டரை நொடியில் இறங்கியிருக்கும், பத்து மீட்டரில் சவரிராஜ் வரப்பைச் சுற்றியே விழுந்திருக்கும்.

எல்சியின் சிரிப்பு நின்றது. "அக்கா, ட்ரோன் றெக்கைக் காத்து மருந்தக் கீழ தள்ளும்ல? அத இதுல போட்டிங்களா?"

"போடலை. அத எப்படிப் போடுறதுன்னு எனக்குத் தெரியலை."

"அப்ப இது தப்பா இருக்கலாம்ல?"

இருக்கலாம் என்றுதான் சஃபியாவுக்கும் ஆசை. அதனால் அடுத்த நாள் சோதித்துப் பார்த்தார்கள். ஊர்ப்பொதுத் திடலில் யாரும் இல்லாத முற்பகல். தொட்டியில் மருந்துக்குப் பதில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்தார்கள். ஐந்து மீட்டருக்கு ஒன்றாக வெள்ளை சார்ட் தாள்களைத் தரையில் வைத்து, நான்கு மூலையிலும் கல் வைத்தார்கள். அதே உயரம், அதே துளி, ஏறக்குறைய அதே காற்று. ட்ரோனை ஒரு கோட்டில் நான்கு முறை ஓட்டி இறக்கினாள்.

முதல் தாள் நீலமாகவே மாறியிருந்தது. பத்தாவது மீட்டரில் அடர்த்தியான புள்ளிகள். இருபத்தைந்தில் எண்ணக்கூடிய அளவு. முப்பதாவது மீட்டர்த் தாளை எல்சி கையில் எடுத்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். ஊசி முனை அளவில் நீலப் புள்ளிகள். அதைச் சஃபியாவிடம் கொடுத்தாள்.

முப்பத்தைந்தாவது மீட்டர்த் தாள் வெள்ளையாகவே இருந்தது. றெக்கைக் காற்று கொஞ்சம் உதவியிருக்கிறது. போதுமான அளவு உதவவில்லை.

"வைரஸ்னு ஊரே சொல்லுதுக்கா" என்றாள் எல்சி, ஆட்டோவில் ஏறிய பிறகு. "அந்தம்மாவே அப்படித்தான் நம்புது. யாரும் நம்மளக் கேக்கலை."

"அவங்க பூச்சிக்கு மருந்தடிக்கிறாங்க எல்சி. இல்லாத பூச்சிக்கு. அடுத்த வாரமும் அடிப்பாங்க."

எல்சி கொஞ்ச தூரம் ஓட்டினாள். பிறகு வீட்டுக்குத் திரும்பும் சாலையை விட்டுவிட்டு வாய்க்கால் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

பொன்னுத்தாய் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சஃபியா நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, உங்க பருத்திக்கு வந்தது வைரஸ் இல்லம்மா. நான் சவரிராஜ் அண்ணன் வயல்ல அடிச்ச களைக்கொல்லி. காத்துல வந்துருக்கு. தப்பு என்னோடதும்மா."

பொன்னுத்தாய் கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தூக்கில் வைத்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

சஃபியா நோட்டைக் காட்டினாள், தாளைக் காட்டினாள். நோட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாளை வாங்கி, விரலால் ஒரு புள்ளியைத் தடவினார். விரலில் நீலம் ஒட்டியது.

"இவ்ளோதானா?" என்றார். "இவ்ளோ சின்னதா என் செடியச் சாச்சுச்சு?"

அதன் பிறகு அவருக்குக் கோபம் வந்தது. அரை மணி நேரம் திட்டினார். ட்ரோனைத் திட்டினார், சவரிராஜைத் திட்டினார், உரக்கடைக்காரரை அவர் தாத்தா வரைக்கும் இழுத்துத் திட்டினார். எல்சி இரண்டு முறை வாயைத் திறக்கப் போனாள். சஃபியா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். திட்டி முடித்த பொன்னுத்தாய் தண்ணீர் குடித்தார்.

"சரி, செடி பொழைக்குமா பொழைக்காதா?"

"நுனி புதுசா வரும்மா. மூணு வாரம் ஆகும். வாய்க்கா ஓரத்து நாலு வரிசை மட்டும் கஷ்டம். நட்டத்துக்கு நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுறேன்."

"பஞ்செடுக்க ஆளு கெடைக்க மாட்டேங்குது" என்றார் பொன்னுத்தாய். "கடைசி எடுப்பு வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் வந்து எடுத்துக் குடுங்க. ட்ரோன்ல இல்ல. கையால."

விஷயம் ஊருக்குள் பரவியது. சவரிராஜ் வீட்டுக்கே வந்து வருத்தப்பட்டார். "ஏம்மா நீங்களே போய்ச் சொன்னிங்க? நான்தானே முடிக்கச் சொன்னேன்? எம்பேரும் கெட்டுப் போச்சு" என்றார். ரிமோட் சஃபியாவின் கையில்தான் இருந்தது, அவர் மேல் தப்பில்லை என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பினாள். பக்கத்து ஊர் ட்ரோன்காரர் ஒருவர், எல்லாருடைய தொழிலையும் கெடுத்துவிட்டதாகப் போனில் கத்தினார். முன்பதிவு செய்திருந்த மூன்று பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த நீலத் தாளப் போட்டோ எடுத்து அனுப்பு" என்றார். அனுப்பினாள். மஸ்கட்டில் தன் அறையில் இருந்த எல்லாரிடமும் அதைக் காட்டியிருக்கிறார். அது நான்கு நாள் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பருத்தி எடுக்கும் வேலை சஃபியா நினைத்ததுபோல் இல்லை. காய்ந்த காயின் ஓடு நகக்கண்ணில் குத்தும். முதல் நாள் அவள் எடுத்த பஞ்சில் பாதி சருகு. பொன்னுத்தாய் அதைக் கையில் ஏந்தி, "இத வச்சுத் தலகாணிகூடத் தைக்க முடியாது" என்றார். இரண்டாவது வாரம் விரல் பழகியது. வாய்க்கால் ஓரத்து வரிசைகளில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. நடுவில் இருந்த செடிகள் தாமதமாகக் காய்த்தன. கிழக்குப் பக்கம் குறை இல்லை. வெயில் ஏறியதும் வேப்பமரத்தடியில் உட்கார்வார்கள். எல்சி கதை சொல்வாள். பொன்னுத்தாய் அவளைவிடப் பெரிய கதையாகச் சொல்வார்.

ஒரு நாள் அவரே கேட்டார். "அந்தக் கணக்குல எதப் போட்டாலும் சொல்லுமா?"

"விழுற எதையும் சொல்லும்மா."

"நெல்லும் பதரும் ஒண்ணாத்தானே தூத்துறோம். நெல்லு காலடியில விழுது, பதரு பறந்து போவுது. அதுவும் இதேதானா?"

சஃபியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இதேதாம்மா. அச்சு அசல் இதேதான்."

"அப்ப அதச் சொல்லியிருந்தா அன்னிக்கே புரிஞ்சிருக்கும்ல. எண்ணு எண்ணா எழுதுன நோட்ட நீட்டுற."

அந்த வாரம் சஃபியா ஓர் அட்டவணை போட்டாள். இந்தத் துளிக்கு, இந்த உயரத்தில், இந்தக் காற்றில், இவ்வளவு தூரம் போகும். ஆக்டேவே எல்லாக் கட்டத்தையும் நிரப்பியது. அதை லேமினேட் செய்து ஆட்டோவின் உள்பக்கம் ஒட்டினார்கள். வயலுக்குப் போனதும் முதலில் வயல்காரரைக் கூப்பிட்டு அதைக் காட்டுவாள். பக்கத்து வயலில் என்ன பயிர் என்று கேட்பாள். காற்று கூடினால், எவ்வளவு மிச்சம் இருந்தாலும் இறக்கிவிடுவாள். சிலர் முணுமுணுத்தார்கள். வேண்டாம் என்று விலகிய மூவரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். போனில் கத்திய அந்த ட்ரோன்காரர் ஆவணியில் வந்து, அட்டவணையை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போனார். எல்சிக்கு அது பொறுக்கவில்லை. சஃபியா, "பாத்து அடிச்சா சரி, விடு" என்றாள்.

பருத்தி முடிந்ததும் பொன்னுத்தாய் அந்த நிலத்தில் சம்பா நட்டார். கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலையில் சஃபியாவின் போன் அடித்தது.

"சுருட்டுப் புழு வந்துருக்கு. நாளைக்கு என் வயலுக்கு வர்றியா?"

"வர்றேம்மா. ஆறு மணிக்கெல்லாம் வந்துர்றோம்."

"ஆறுக்கு இலையில ஈரம் சொட்டும். ஏழரைக்கு வா. ஒம்பதுக்கு மேல காத்து வந்துரும், அதுக்குள்ள முடிச்சுரணும்."

"ஏழுக்கு வரேம்மா."

"ஏழரைன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். பேட்டரியைச் சார்ஜில் போடும்படி சஃபியா எல்சிக்குக் குரல் கொடுத்தாள்.